அடியைப் பார்த்து வாங்குங்கள்: பழைய பிரெஞ்சுச் சுடுமண் சிற்பம் வாங்க நினைக்கும் புதியவர்களுக்கு

என் முதல் சுடுமண் சிற்பம் சுடுமண்ணே இல்லை. பாரிஸின் வடக்கு ஓரத்தில், சேன்-துவான் பழம்பொருள் சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வாங்கினேன். கையில் திராட்சைக் குலையோடு லேசாகச் சாய்ந்து நிற்கும் ஒரு பெண். விலை 180 யூரோ. மறுநாள் காலை ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தேன், மூக்கு வெளுத்துவிட்டது. இன்னும் இரண்டு தேய்ப்பில் கன்னமும் போயிற்று. செங்காவி பூசிய பிளாஸ்டர். 'பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்' என்ற பெயரே மோன்மார்த்ர் குன்றுக்கு அடியில் வெட்டியெடுத்த ஜிப்சத்தால் வந்தது. அந்தக் குன்றிலிருந்து சந்தைக்கு நடந்தே போய்விடலாம். உள்ளூர்ச் சரக்கைத்தான் வாங்கியிருக்கிறோம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

விற்றவர் ஏமாற்றினார் என்றும் சொல்ல முடியாது. அவர் சுடுமண் என்று சொல்லவே இல்லை, நானும் கேட்கவில்லை. முகம் அழகாக இருந்தது, வாங்கிவிட்டேன். அடியைத் திருப்பிப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். இந்தக் கட்டுரை ஏறக்குறைய அந்த அரை நிமிடத்தைப் பற்றியதுதான்.

முதல் வேலை: காசு செலவழிக்காமல் பார்ப்பது

18ஆம் நூற்றாண்டின் நடுவில் இத்தாலியில் இரண்டு ஊர்களைத் தோண்டினார்கள். 1738இல் ஹெர்குலேனியம், 1748இல் பொம்பெயி. எரிமலைச் சாம்பலுக்கு அடியில் ரோமானியரின் வீடும் சுவரோவியமும் குவளையும் அப்படியே கிடைக்க, ஐரோப்பாவின் பணக்கார வீடுகளுக்குப் பழைய கிரேக்க, ரோமானியப் பித்து பிடித்தது. அதுவரை இருந்த சுருள் சுருளான, சிப்பி சிப்பியான அலங்காரம் ஒதுங்கி, நேர்கோடும் சமச்சீரும் வந்தன. பூமாலைத் தோரணம், ஆட்டுத்தலைக் கைப்பிடி, அகாந்தஸ் இலை, மடிந்து மடிந்து ஓடும் கிரேக்கக் கரை, மதுக்கடவுளின் தோழிகள், ஆட்டுக்கால் சாத்திர்கள் ஆகியவற்றைக் கண்டால் நியோகிளாசிக்கல் பாணி என்று வைத்துக்கொள்ளலாம். பாணி அதுதான், செய்த காலம் அதுவா என்பது வேறு கேள்வி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பாணியில் சுடுமண்ணுக்குத் தனி மரியாதை வாங்கித் தந்தவர் சிற்பி க்ளோதியோன். 1738இல் நான்சி நகரில் பிறந்தவர், இயற்பெயர் க்ளோத் மிஷேல். 1762இலிருந்து 1771 வரை ரோமில் இருந்தார். அதற்கு முன்பெல்லாம் மண் உருவம் என்றால் பெரும்பாலும் பளிங்குச் சிலைக்கான மாதிரிதான். க்ளோதியோன் காலத்தில், கலைஞனின் விரல் பட்ட இடம் மண்ணில்தானே இருக்கிறது என்று சேகரிப்பாளர்கள் மண்ணையே முடிந்த வேலையாக வாங்கத் தொடங்கினார்கள். நமக்கும் இந்தச் சிற்பங்களில் பிடிக்கப்போவது அதுதான். பளிங்கில் உளியும் அரமும்தான் தெரியும். மண்ணில் ஆளே தெரிவார்.

பாரிஸில் இருந்தால் லூவ்ர் அருங்காட்சியகத்தில் சிற்பி ஊதோன் 1777இல் செய்த ப்ரோஞியார் பிள்ளைகளின் சுடுமண் மார்பளவுச் சிலைகளைப் போய்ப் பாருங்கள். தங்கை லூயிஸ், அண்ணன் அலெக்சாந்த்ர். அண்ணனுக்கு அப்போது ஏழு வயது. அவர்தான் பின்னாளில் செவ்ர் பீங்கான் ஆலைக்குத் தலைவராகி, 1800இலிருந்து 1847 வரை அந்தப் பதவியில் இருந்தார். மண்ணில் உருவம் எடுக்கப்பட்ட பையன் மண்ணையே ஆண்டான் என்று வைத்துக்கொள்ளலாம். மரே பகுதியில் உள்ள கோஞாக்-ஜே அருங்காட்சியகத்தையும் விட வேண்டாம். அது முழுக்க 18ஆம் நூற்றாண்டுக்கான இடம், நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. அறைகள் வீட்டறை அளவுதான் என்பதால், ஒரு பொருளை எங்கே, எவ்வளவு உயரத்தில் வைத்தால் நன்றாக இருக்கும் என்பதும் பிடிபடும்.

பார்க்கும்போது முகத்தை விட்டுவிடுங்கள். முகம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். தலைமுடியைப் பாருங்கள், துணி மடிப்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், காலடியில் உள்ள பாறையைப் பாருங்கள். பல் வைத்த கருவியால் இழுத்த சீப்புக் கோடுகள் அங்கே இருக்கும். வேகமாக, கணக்குப் பார்க்காமல் இழுத்த கோடுகள். இதை நாலைந்து முறை நன்றாகப் பார்த்த கண் சந்தையில் எளிதில் ஏமாறாது.

அப்புறம், எதைத் தேடுவது என்று முடிவு செய்யுங்கள்

இங்கே என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன்: 18ஆம் நூற்றாண்டுப் பொருளைத் தேடி அலையாதீர்கள். உண்மையான க்ளோதியோன் உங்கள் கைக்கும் வராது, என் கைக்கும் வராது. அந்தப் பெயரோடு சந்தையில் நிற்பவற்றில் மிகப் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டில் செய்த நகல்கள். அதில் கேவலம் ஒன்றும் இல்லை, பல நகல்கள் நல்ல கைகளில் உருவானவை. பெயருக்காகக் கூடுதல் காசு கொடுப்பதுதான் தவறு.

புதியவருக்கு ஏற்ற பொருள்கள் வேறு. வட்டப் பதக்கம் போன்ற சுவர்ப் புடைப்புகள் ஒரு வகை. டென்மார்க் சிற்பி தோர்வால்சன் 1815இல் செய்த 'இரவு', 'பகல்' என்ற இரட்டைப் புடைப்பை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள்: சிறகு விரித்த பெண், கையில் குழந்தைகள். 19ஆம் நூற்றாண்டு முழுக்க அதைப் பிளாஸ்டரிலும் பீங்கானிலும் சுடுமண்ணிலும் எடுத்துத் தள்ளினார்கள். கோபன்ஹேகனில் 1843இல் தொடங்கிய இப்சன் பட்டறை கிரேக்கக் குவளைகளின் வடிவத்தில் சுடுமண் பாண்டங்கள் நிறையச் செய்தது. கணவர் இறந்தபின் மனைவி நடத்தியதால் 'பி. இப்சன்ஸ் என்கே' என்று முத்திரை இருக்கும். என்கே என்றால் விதவை. பிரெஞ்சுப் பக்கம் சிற்பி காரியே-பெல்லூஸின் பட்டறையில் செய்த பெண் தலைகள். இளம் வயதில் சிற்பி ரோதேன் கூலிக்கு வேலை பார்த்த பட்டறை அது. அவை கொஞ்சம் உயர்ந்த விலைதான். கையொப்பம் இல்லாத பதக்கங்களிலும் சிறு குவளைகளிலும் தொடங்கலாம். முதல் பொருளுக்கு 200 யூரோவுக்கு மேல் போடாதீர்கள்; முதல் பொருள் எப்படியும் பாடத்துக்கான கட்டணம்தான்.

எங்கே போவது

பாரிஸின் லா ஷப்பெல் பகுதித் தமிழ்க் கடைகளுக்குக் காய்கறி வாங்க வருகிறவர்களுக்கு வழி எளிது. பக்கத்திலேயே கார் து நோர் ரயில் நிலையம். அங்கிருந்து நான்காம் எண் மெட்ரோவில் ஏறி, வடகோடியான போர்ட் து க்ளிஞான்கூரில் இறங்க வேண்டும். இறங்கியதும் ஜீன்ஸும் போன் கவரும் விற்கிற கூட்டம் மொய்க்கும். அதைப் பார்த்துவிட்டு இதுதானா சந்தை என்று திரும்பிவிடாதீர்கள். சுற்றுச்சாலைப் பாலத்துக்கு அடியில் புகுந்து போனால்தான் பழம்பொருள் கடைகள். சனி, ஞாயிறு போவது நல்லது.

இன்னொரு இடம் பாரிஸின் துருஓ ஏலக்கூடம். ஏலம் எடுக்காவிட்டாலும் போகலாம். ஏலத்துக்கு முந்தைய நாள் பொருள்களைப் பார்வைக்கு வைப்பார்கள், யாரும் உள்ளே போகலாம், கேட்டால் கையில் எடுத்துப் பார்க்கவும் விடுவார்கள். காசே இல்லாமல் நூறு சிற்பங்களின் அடியைப் பார்க்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. வாங்குவதானால் ஒன்றை மறக்கக் கூடாது: சுத்தியல் அடித்த விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் உண்டு, பெரும்பாலும் 25 முதல் 30 சதவீதம். 300 யூரோவுக்கு எடுத்த பொருள் 400ஐ நெருங்கி நிற்கும்.

கடைக்குள் நுழைந்ததும் முதலில் 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்லுங்கள். சொல்லாமல் பொருளைத் தொட்டால் அதற்கு மேல் எந்தக் கேள்விக்கும் ஒழுங்கான பதில் வராது.

அந்த அரை நிமிடம்

கையில் ஒரு சின்ன டார்ச் வேண்டும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, இரண்டு கையாலும் அடிப்பாகத்தைப் பிடித்து, மேஜைமேல் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கையையோ தலையையோ குவளையின் கைப்பிடியையோ பிடித்துத் தூக்கவே கூடாது. முன்பு எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

முதலில் எதனால் செய்தது என்பதைத் தீர்மானியுங்கள். அடியில் மறைவான ஓர் இடத்தில் நகத்தால் லேசாகக் கீறினால் பிளாஸ்டர் கீறுபடும், ஏனென்றால் ஜிப்சம் நகத்தைவிட மென்மையானது. சுடுமண் கீறுபடாது. கீறியது வெள்ளையாக இருந்தால் முடிந்தது கதை. பிளாஸ்டிக் போன்ற ரெசின் என்றால் தொட்டவுடனே தெரியும். குளிர்ச்சி இருக்காது, எடையும் ஏமாற்றும், அடியில் ஊசிமுனைக் குமிழ்கள் தெரியும். அப்புறம் நம் ஊரில் பானை வாங்குகிறவர்கள் செய்கிற அதே வேலை: விரலால் சுண்டிப் பார்ப்பது. நன்றாக வெந்த, கீறல் இல்லாத மண் கணீரென்று சொல்லும். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போகும். ஆனால் அடியில் பிளாஸ்டர் அடைத்திருந்தாலும் பளிங்குப் பீடத்தில் ஒட்டியிருந்தாலும் சத்தம் மங்கலாகத்தான் வரும். அதை மட்டும் வைத்துத் தள்ளிவிடாதீர்கள்.

சுடுமண்தான் என்று உறுதியானால் உட்புறத்துக்கு வாருங்கள். கெட்டியான மண்கட்டியைச் சூளையில் வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடித்துவிடும். அதனால் பெரிய உருவங்கள் எல்லாமே உள்ளே குடைந்தவை. எப்படிக் குடைந்திருக்கிறார்கள் என்பதில்தான் செய்முறை தெரியும். கையால் உருவாக்கிய ஒற்றைச் சிற்பம் என்றால் வெட்டித் தோண்டிய தடம் இருக்கும், சுவர் ஓரிடம் தடியாக, ஓரிடம் மெலிதாக இருக்கும். அச்சில் மண்ணை அழுத்திச் செய்தது என்றால் உள்ளே விரல் பதிவுகள் வரிசையாக இருக்கும். முதன்முறை டார்ச் அடித்தபோது ஒரு கட்டைவிரல் ரேகையே தெரிந்தது. நூறு வருஷத்துக்கு முன் இறந்த ஒரு தொழிலாளியின் ரேகை. அன்றைக்கு முகத்தைப் பார்க்க மறந்தே போனேன். உள்ளே எல்லா இடமும் வழுவழுப்பாக, ஒரே தடிமனாக இருந்தால் அது கூழ் மண்ணை அச்சில் ஊற்றி எடுத்தது. அது பெரும்பாலும் பிந்தைய காலத்து மொத்த உற்பத்தி முறை.

அச்சில் எடுத்ததெல்லாம் மட்டம் என்று நினைக்க வேண்டாம். க்ளோதியோன் பட்டறையிலேயே பாகங்களை அச்சில் எடுத்துச் சேர்த்து, ஈரம் காய்வதற்குள் கையால் மேல்வேலை செய்தார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அந்த மேல்வேலை இருக்கிறதா என்பதை. தலைமுடிக் கோடு கூர்மையாக, ஒவ்வொன்றும் வேறு வேறாக இருக்கிறதா? அல்லது சோப்புக்கட்டி கரைந்த மாதிரி மழுங்கியிருக்கிறதா? மழுங்கல் என்றால் நகலுக்கு நகல் எடுத்திருக்கலாம். இதற்கு ஒரு அளவுக்கோலும் உண்டு. மண் காய்ந்து சுடும்போது சுருங்கும், மண்ணைப் பொறுத்து சுமார் 5 முதல் 10 சதவீதம் வரை. சுட்ட சிற்பத்திலிருந்து அச்சு எடுத்து இன்னொன்று சுட்டால் அது தாயைவிடச் சிறிதாகத்தான் வரும். மூலம் 50 செ.மீ. என்று அருங்காட்சியகக் குறிப்பில் இருந்து, உங்கள் கையில் இருப்பது 46 என்றால் காரணம் புரிந்துவிடும். ஆகவே சந்தைக்குப் போகும்போது அளவு நாடா எடுத்துப் போங்கள்.

கையொப்பத்துக்குக் கடைசி இடம் கொடுங்கள். இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். ஈர மண்ணில் எழுதினால் கோட்டின் இரு பக்கமும் மண் சற்றே பிதுங்கி நிற்கும். சுட்ட பிறகு கீறினால் பிதுக்கம் இருக்காது. விளிம்பு பொடிப்பொடியாகச் சிதறியிருக்கும், உள்ளே நிறமும் புதிதாக இருக்கும். அப்படி இருந்தால் யாரோ பிற்காலத்தில் 'பெயர் சூட்டியிருக்கிறார்கள்'. ஆனால் முதல் வகை என்றாலும் பரவசப்படாதீர்கள். 19ஆம் நூற்றாண்டு நகலெடுப்பாளர்களும் ஈர மண்ணில்தான் எழுதினார்கள்.

அழுக்கும் பேசும். உண்மையான பழைய தூசு மடிப்புகளிலும் மேற்பக்கங்களிலும் படியும். முகம், முதுகு, அடி என்று எங்கும் ஒரே சீராகப் பழுப்பு மெழுகு தேய்த்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஒட்டு வேலையைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன புறஊதா டார்ச் உதவும். பழைய ஷெல்லாக் (அரக்கு) ஒட்டு அந்த ஒளியில் ஆரஞ்சாக மின்னும், புதுப் பூச்சு சுற்றியுள்ள மண்ணோடு சேராமல் திட்டாகத் தெரியும். விரலோ மூக்கோ ஒட்டியிருப்பது சகஜம், அதற்காக விட வேண்டாம். கழுத்தில் ஒட்டு என்றால் விலையைப் பாதியாகக் கேளுங்கள்.

மிக விலை உயர்ந்த பொருள்களுக்கு வெப்ப ஒளிர்வுச் சோதனை என்று ஒன்று உண்டு. அடியிலிருந்து சிட்டிகைத் தூள் துளைத்தெடுத்து, மண் கடைசியாக எப்போது சுடப்பட்டது என்று கணிப்பார்கள். ஆண்டைச் சரியாகச் சொல்லாது; இருநூறு வருஷமா, இருபது வருஷமா என்று பிரித்துச் சொல்லும். நம் பட்ஜெட்டுக்கு அது தேவைப்படாது.

ரசீதில் எழுதி வாங்குங்கள்

பிரான்ஸில் இதற்கு 1981 மார்ச் 3ஆம் தேதியிட்ட ஓர் ஆணை இருக்கிறது. பழம்பொருள் விற்பவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் எதற்கு உறுதி கொடுக்கிறார் என்பதை அது வரையறுக்கிறது. வாங்குபவர் கேட்டால் பொருள், மூலம், காலம் ஆகியவற்றை எழுதிய ரசீது தர வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் சில வருஷம் சுற்றியிருக்கிறேன்.

சில சொற்களை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். 'ஏபோக் லூயி சேஸ்' என்றால் பதினாறாம் லூயி காலத்திலேயே செய்தது, அதாவது 1774க்கும் 1792க்கும் இடையில். 'ஸ்தீல் லூயி சேஸ்' என்றால் அந்தப் பாணியில் செய்தது; நேற்றுச் செய்ததாகவும் இருக்கலாம். ஒரே ஒரு சொல்தான், விலையில் ஒரு பூஜ்யம் வித்தியாசம் வரும். கலைஞரின் பெயருக்கு முன்னால் 'அத்ரிபுயே ஆ' என்று இருந்தால் அந்தக் காலத்துப் பொருள், அவர் செய்திருக்க வலுவான காரணம் உண்டு என்று பொருள். 'அத்தெலியே து' என்றால் அவர் பட்டறையில் செய்தது. 'தாப்ரே' (அவரைப் பின்பற்றி), 'தான் ல கூ து' (அவர் ரசனையில்), 'மனியேர் து' (அவர் முறையில்) இவையெல்லாம் வந்தால் கலைஞருக்கும் உறுதி இல்லை, காலத்துக்கும் உறுதி இல்லை. 'தாப்ரே க்ளோதியோன்' என்று சீட்டு ஒட்டியிருக்கும் சிலைக்கு முன்னால் நின்று 'க்ளோதியோன் கிடைத்துவிட்டது' என்று வீட்டுக்குப் போன் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே காசு கொடுக்கும் முன் ஒரே கேள்வி: 'தேர் குயித்'தா? அதுதான் சுடுமண்ணுக்குப் பிரெஞ்சுச் சொல். ஆமாம் என்றால், அதையும் நூற்றாண்டையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். பேனாவை எடுக்கத் தயங்கினால் நீங்களும் பர்ஸை எடுக்கத் தயங்குங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து வைப்பது

குமிழ் பிளாஸ்டிக்கை நேராகச் சுற்ற வேண்டாம், மேற்பூச்சில் ஒட்டிக்கொள்ளும். முதலில் மெல்லிய வெள்ளைத்தாள், அதன்மேல் குமிழ் பிளாஸ்டிக். காரில் நிமிர்த்தி வைத்து சீட் பெல்ட் போடுங்கள். மெட்ரோவில் மார்போடு அணைத்துப் பிடித்து வந்தால் போதும், குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி. எனக்கு இடம்கூட விட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

பழைய பாரிஸ் வீடுகளில் பளிங்குக் கணப்பு மாடமும் அதன்மேல் பெரிய கண்ணாடியும் இருக்கும். சுடுமண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. வெள்ளை அல்லது சாம்பல் பளிங்கின் குளிர்ச்சிக்கு மேல் மண்ணின் சூடான நிறம் எடுப்பாக நிற்கும். பல உருவங்கள் சேர்ந்த குழுச் சிற்பங்கள் எல்லாப் பக்கமும் பார்ப்பதற்காகச் செய்தவை என்பதால், கண்ணாடியில் முதுகும் தெரியும். ஆனால் கணப்பில் இன்றும் நெருப்பு மூட்டுகிறீர்கள் என்றால் வைக்காதீர்கள், புகையும் சூடும் ஆகாது. ரேடியேட்டருக்கு மேலும் கூடாது.

கணப்பு மாடம் இல்லாதவர்கள் வெளிர்ச் சாம்பல் அல்லது சாம்பல்பச்சைச் சுவருக்கு முன் வைத்துப் பாருங்கள். செங்கல் நிறச் சுவருக்கு முன் வைத்தால் சிற்பம் காணாமல் போய்விடும். வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வர வேண்டும். நேர் எதிரே விளக்கு போட்டால் கருவிக் கோடெல்லாம் மறைந்து தட்டையாகிவிடும். இந்தப் பாணிக்காரர்கள் சமச்சீர் பித்தர்கள்: நடுவில் சிலை, இரு பக்கமும் ஜோடிக் குவளை என்பதுதான் அவர்கள் வழக்கம். சின்ன வரவேற்பறையில் அது கடை ஜன்னல் மாதிரி ஆகிவிடும். ஒன்றே ஒன்று போதும் என்பது என் எண்ணம்.

ஈரச் சுவர் பக்கம் வேண்டாம். ஈரத்தோடு உப்பு ஏறி, காயும்போது வெள்ளைப் பொடியாக வெளிவந்து மேற்பரப்பை உரித்துவிடும். தோட்டத்துக் குவளைகளைப் பனிக்காலத்தில் உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். துளைக்குள் போன தண்ணீர் உறைந்து விரிந்தால் ஏடு ஏடாகப் பெயரும். பூனையோ தவழும் குழந்தையோ உள்ள வீடு என்றால் அடியில் நாலு மூலையிலும் மியூசியம் மெழுகு ஒட்டுங்கள்.

துடைப்பது பற்றி

ஈரத் துணி வேண்டாம் என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்லிவிட்டேன். உண்மையான சுடுமண்ணுக்கும் அதே விதிதான். சூளையில் நிறம் ஏறுக்குமாறாக வந்ததைச் சமன் செய்ய, அந்தக் காலத்திலேயே மேலே மெல்லிய வண்ணக்குழம்பு பூசுவது உண்டு. அது தண்ணீரில் கரையலாம். அழுக்கு நீர் மண்ணின் துளைகளுக்குள் போய்விட்டால் திரும்ப எடுக்கவும் முடியாது. நல்ல மென்மையான ஓவியத் தூரிகையால், மேலிருந்து கீழாக, வருஷத்துக்கு இரண்டு தடவை தூசு தட்டினால் போதும். மெருகெண்ணெய், ஆலிவ் எண்ணெய் என்று சிலர் சொல்வார்கள். கேட்க வேண்டாம்.

உடைந்துவிட்டால் சூப்பர் க்ளூவைத் தேடி ஓடாதீர்கள். அது மண்ணுக்குள் ஊறி, பிறகு பிரிக்க முடியாமல் ஆகிவிடும். பழுதுபார்க்கும் நிபுணர்கள், பின்னால் தேவைப்பட்டால் கரைத்தெடுக்கக்கூடிய அக்ரிலிக் ஒட்டைத்தான் பயன்படுத்துவார்கள். துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கவும் கூடாது, விளிம்பு தேய்ந்துவிடும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனித் தாளில் சுற்றி, தரையில் கிடக்கிற தூளையும் ஒரு கவரில் போட்டு, அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள்.